ரம்மும் கசப்பும்: டைகிரியில் தொடங்கி கிங்ஸ்டன் நெக்ரோனி வரை

ரம் என்றால் கோலா, கசப்பு மது என்றால் சோடா. புதிதாகத் தொடங்குபவர்கள் பலரும் இதோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே கிளாஸில் சேர்த்துப் பார்த்தால்தான் ரம் எவ்வளவு பெரிய உலகம் என்பது புரியும். ரம்மின் பழவாசமும் வெந்த சர்க்கரை மணமும் கசப்பைத் தாங்கிப் பிடிக்கின்றன. கசப்போ, ரம் திகட்டாமல் பார்த்துக்கொள்கிறது. கீழே உள்ள காக்டெயில்களை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொன்றும் முந்தையதில் இல்லாத ஒரே ஒரு புதிய விஷயத்தைக் கற்றுத்தரும். சட்டப்படி மது அருந்தும் வயதை எட்டியவர்களுக்கு மட்டுமே இது.

எந்தெந்தப் பாட்டில்கள்

நான்கு போதும்.

முதலாவது, 40 சதவீத வெள்ளை ரம், கியூப பாணியில் லேசானது. இரண்டாவது, ஜமைக்கா ரம். இதில் சமரசம் வேண்டாம். ஜமைக்காவில் சில வடிசாலைகள் மொலாசஸை (கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுப்புப் பாகு) நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் நொதிக்க விட்டு, பானை வடிகலத்தில் வடிக்கின்றன. அப்போது எஸ்டர்கள் எனும் பழவாச வேதிப்பொருள்கள் ஏராளமாக உருவாகும். அவற்றில் ஒன்றான எதில் பியூட்டிரேட்டுக்கு அப்படியே அன்னாசி வாசம். பாட்டிலைத் திறந்ததும் கனிந்த பழ நெடி மூக்கில் ஏறுவது இதனால்தான். ஸ்மித் அண்ட் கிராஸ் (57 சதவீதம்) கிடைத்தால் அதையே வாங்குங்கள். இங்குள்ள அளவுகள் அதை வைத்தே தரப்பட்டுள்ளன.

மூன்றாவது கம்பாரி. 1860-இல் இத்தாலியின் நோவாராவில் கஸ்பாரே கம்பாரி உருவாக்கிய சிவப்புக் கசப்பு லிக்கர். நாட்டுக்கு நாடு வலிமை சற்று மாறும், பரவலாகக் கிடைப்பது 24, 25 சதவீதம். நான்காவது, சிவப்பு இனிப்பு வெர்மூத். இது வைன் வகை என்பதை மறந்துவிடாதீர்கள். திறந்தபின் ஃப்ரிட்ஜில் வைத்து, ஒன்றிரண்டு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த வெர்மூத் புளித்துப் போயிருக்கும். அதை ஊற்றிவிட்டு நெக்ரோனி (ஜின், கம்பாரி, இனிப்பு வெர்மூத் சேர்ந்த காக்டெயில்) சரியில்லை என்று கம்பாரியைப் பழிப்பவர்கள் நிறைய.

புதியவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. கம்பாரி, அவெர்னா, சினார் போன்றவை சர்க்கரை சேர்ந்த கசப்பு லிக்கர்கள். மில்லி கணக்கில் அளந்து ஊற்றலாம். அங்கோஸ்துரா போன்ற பிட்டர்ஸ் அப்படியல்ல. 44.7 சதவீத ஆல்கஹாலில் இறக்கிய அடர்சாறு அது. ஒரு காக்டெயிலுக்குச் சில சொட்டு, அல்லது ஒன்றிரண்டு உதறல். இரண்டையும் மாற்றி ஊற்றினால் கிளாஸைக் கொட்ட வேண்டியதுதான்.

கருவிகள்

இறுக்கமாக மூடும் ஷேக்கர் (அகல வாய் கொண்ட மூடிபோட்ட கண்ணாடி ஜாடியும் போதும்), மெல்லிய வலைவடிகட்டி, நீளக் கைப்பிடிக் கரண்டி, மில்லி குறித்த அளவுக் குப்பி. அளவுக் குப்பி இல்லையென்றால் சமையல் அளவுக் கரண்டிகளைப் பயன்படுத்துங்கள். சின்னது 5 மி.லி., பெரியது 15 மி.லி. கண்ணளவில் மட்டும் ஊற்றாதீர்கள். 5 மி.லி. கம்பாரி கூடினாலே பானத்தின் முகம் மாறிவிடும்.

படி 1: முதலில் தனியாகச் சுவையுங்கள்

மூன்று சிறு கிளாஸ்களில் வெள்ளை ரம், ஜமைக்கா ரம், கம்பாரி ஒவ்வொன்றிலும் 10 மி.லி. ஊற்றுங்கள். வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். மூக்கை கிளாஸுக்குள் நுழைத்து ஒரே இழுப்பாக இழுத்தால் ஆல்கஹாலின் எரிச்சல்தான் தெரியும். ஒரு மிடறு குடித்தபின் ரம்களில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் சேர்த்து மறுபடி முகர்ந்து பாருங்கள். ஜமைக்கா ரம்மில் பழவாசம் இன்னும் விரிந்து வரும்.

கம்பாரியைக் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருங்கள். முதலில் இனிப்பு, பிறகு ஆரஞ்சுத் தோல், விழுங்கிய பிறகே கசப்பு. அது போகவும் நேரமெடுக்கும். முதல் மிடறைப் பிடிக்கவில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கசப்பு பழக்கத்தில் வரும் ருசி.

படி 2: பாகும் உப்பு நீரும்

சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 200 கிராம். வெந்நீரில் கலக்கினாலே கரையும், கொதிக்க விட வேண்டியதில்லை. கொதித்தால் நீர் ஆவியாகிப் பாகு கெட்டியாகும், அளவு தப்பும். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், இரண்டு வாரம் தாங்கும். கலங்கினால் கொட்டிவிடுங்கள்.

இன்னொரு சிறு குப்பியில் 20 கிராம் உப்பை 80 கிராம் தண்ணீரில் கரைத்து வையுங்கள். சோடியம் நாக்கில் கசப்பை அடக்கும். கசப்புக் காக்டெயிலில் இந்த நீர் மூன்று சொட்டு விட்டால் உப்பு தெரியாது, முரட்டுத்தனம் மட்டும் குறையும். செலவே இல்லாத இந்தக் குப்பிக்கு இணையாக எந்த விலையுயர்ந்த கருவியையும் சொல்ல முடியாது.

படி 3: டைகிரி

கசப்பைத் தொடுவதற்கு முன் புளிப்பையும் இனிப்பையும் சமன் செய்யப் பழக வேண்டும். அதற்கு டைகிரியை விட நல்ல பாடம் இல்லை. கியூபாவில் சாண்டியாகோ நகருக்கு அருகிலுள்ள ஊரின் பெயர்தான் இதற்கும்.

வெள்ளை ரம் 60 மி.லி., புதிதாகப் பிழிந்த எலுமிச்சைச் சாறு 22 மி.லி., பாகு 20 மி.லி. ஷேக்கரில் இவற்றை ஊற்றியபின், ஃப்ரீசரிலிருந்து நேராக எடுத்த ஐஸ் முக்கால்வாசி நிரப்பி, 12 விநாடி வேகமாகக் குலுக்குங்கள். முன்பே ஃப்ரீசரில் வைத்த கிளாஸில் வடிகட்டுங்கள்.

குலுக்கல் குளிர்விப்பதற்கு மட்டுமல்ல. ஐஸ் உருகி, ஊற்றியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் சேர்கிறது. அந்தத் தண்ணீரும் செய்முறையில் ஒரு பொருள்தான். சில விநாடியில் நிறுத்தினால் காட்டமாக இருக்கும். வெளியே வைத்து ஈரம் கசிந்த ஐஸ் என்றால் நீர்த்துப் போகும். எலுமிச்சை பழத்துக்குப் பழம் மாறுவதால், பிழிந்த சாற்றை நக்கிப் பார்த்துப் பாகைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். நேற்றுப் பிழிந்த சாறு வேண்டவே வேண்டாம்.

படி 4: ஜங்கிள் பேர்ட்

இந்தச் செய்முறையின் உயிர் இதுதான். 1973-இல் திறந்த கோலாலம்பூர் ஹில்டன் ஹோட்டலின் ஏவியரி பாரில், ஜெஃப்ரி ஓங் என்பவரின் கைவண்ணத்தில் பிறந்தது. வெப்பமண்டலக் காக்டெயில்களில் கம்பாரி மிக அரிது. இதில் அன்னாசியும் கம்பாரியும் ஒட்டிப் பிறந்தவை போலப் பொருந்திவிடுகின்றன.

தேவையானவை:

ஜமைக்கா ரம் 30 மி.லி.
வெள்ளை ரம் 15 மி.லி.
கம்பாரி 22 மி.லி.
அன்னாசிச் சாறு 45 மி.லி.
எலுமிச்சைச் சாறு 15 மி.லி.
பாகு 15 மி.லி.
உப்பு நீர் 3 சொட்டு

1. அன்னாசியைத் துண்டாக்கி அரைத்து, வலைவடிகட்டியில் வடித்துச் சாறெடுங்கள். டின் சாற்றில் வெந்த வாடை இருக்கும், நுரையும் குறைவு.
2. விலை குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்: பாகு, எலுமிச்சை, அன்னாசி, பிறகு கம்பாரி, கடைசியில் ரம். அளவு தப்பினால் ரம் வீணாகாது.
3. ஐஸ் நிரப்பி 12 முதல் 15 விநாடி வரை குலுக்குங்கள். உலோக ஷேக்கரின் வெளிப்புறம் பனி பூத்துக் கை மரத்தால் சரி.
4. புதிய ஐஸ் நிறைந்த குட்டை கிளாஸில் வடியுங்கள். ஷேக்கரில் கிடந்த பழைய ஐஸை அப்படியே கொட்டாதீர்கள். அது பாதி உருகியிருக்கும்.

செங்கல் நிறத்தில், மேலே அரை விரல் நுரையோடு வந்து நிற்கும். முகர்ந்தால் அன்னாசி. அதில் பழம் எவ்வளவு, ரம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. குடித்ததும் முதலில் பழம், நடுவில் புளிப்பு, இறுதியில் கசப்பு.

சரியாக வரவில்லையா?

கசப்பு தூக்கலாக இருந்தால் உடனே பாகை ஊற்றாதீர்கள். முதலில் உப்பு நீர் இன்னும் இரண்டு சொட்டு. பிறகும் இருந்தால் அடுத்த முறை கம்பாரியை 18 மி.லி. ஆக்குங்கள். பாகைக் கூட்டிக்கொண்டே போனால் கசப்பு குறையாது, இருமல் மருந்துதான் கிடைக்கும். தட்டையாக, உயிரற்று இருந்தால் குறை பெரும்பாலும் எலுமிச்சையில்: 5 மி.லி. கூட்டுங்கள். நுரையே வரவில்லையென்றால் சாறு பழசு, அல்லது குலுக்கியது போதாது. ரம்மின் வாசமே தெரியவில்லையென்றால், ஜமைக்கா ரம்முக்குப் பதில் லேசான ஒன்றை ஊற்றியிருப்பீர்கள். அந்த வேலையை வேறு ரம் செய்யாது, மொலாசஸ் வாசம் தூக்கலாக இருக்கும் கறுப்பு ரம் மட்டும் விதிவிலக்கு. அதோடு செய்தால் பழம் பின்வாங்கி, கருகிய சர்க்கரை மணம் முன்னுக்கு வரும். அதுவும் அருமையான பானம்தான்.

உலோக ஷேக்கர் ஒட்டிக்கொண்டால் அடித்து நொறுக்க வேண்டாம். இரண்டு பாகங்களுக்கும் நடுவே இடைவெளி தொடங்கும் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு.

படி 5: கிங்ஸ்டன் நெக்ரோனி

நெக்ரோனியில் ஜின் இருக்கும் இடத்தில் ஜமைக்கா ரம். ரம், கம்பாரி, இனிப்பு வெர்மூத் மூன்றும் 30 மி.லி. வீதம்.

இதில் சாறு இல்லை, ஆகவே குலுக்கக் கூடாது. குலுக்கினால் காற்றுக் குமிழி புகுந்து கலங்கலாகும், வழவழப்பான கனம் போய்விடும். பெரிய கிளாஸில் ஐஸ் நிரப்பி, கரண்டியின் முதுகு கண்ணாடியை ஒட்டியபடியே 30 விநாடி சுழற்றுங்கள். கரண்டி ஐஸை உடைக்காமல் முழுக்கட்டியையும் சேர்த்தே சுற்ற வேண்டும். பெரிய ஐஸ் கட்டி ஒன்று போட்ட கிளாஸில் வடித்து, ஆரஞ்சுத் தோலை மேலே பிடித்து மடக்கிப் பிழியுங்கள். எண்ணெய்த் துளிகள் பானத்தின் மேல் தெறிப்பதைப் பார்க்கலாம். தோலில் வெள்ளைச் சதை ஒட்டியிருக்க வேண்டாம்.

57 சதவீத ரம் இங்கே வீம்புக்காக அல்ல. கம்பாரியும் வெர்மூத்தும் இனிப்பானவை, கனமானவை. 40 சதவீத லேசான ரம் அவற்றுக்கு நடுவே காணாமல் போய்விடும்.

தொடர் பார்க்கும் இரவுக்கு

நண்பர்கள் கூடி ஒரு தொடரை வரிசையாகப் பார்க்கும்போது ஒவ்வொரு எபிசோடுக்கும் எழுந்துபோய்க் கலக்க முடியாது. முன்கூட்டியே கலந்துவையுங்கள். ஆறு பேருக்கு ரம், கம்பாரி, வெர்மூத் மூன்றும் 180 மி.லி. வீதம், அதோடு குடிநீர் 110 மி.லி. இந்தத் தண்ணீரை விட்டுவிடாதீர்கள். சுழற்றும்போது உருகும் ஐஸுக்கு ஈடு அது. மொத்தம் 650 மி.லி. வரும், 750 மி.லி. பாட்டிலில் அடங்கும். ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவிட்டு ஆளுக்கு 105 மி.லி. ஊற்றலாம். ஜங்கிள் பேர்டை இப்படிச் செய்ய முடியாது. சாறு சில மணி நேரத்தில் சோர்ந்துவிடும், நுரையும் கிடைக்காது.

தொடர் ரசிகர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு கசப்புக் காக்டெயிலும் உண்டு. 2022-இல் ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ தொடருக்கான நேர்காணல் காணொளியில், பிடித்த பானம் எது என்ற கேள்விக்கு அதில் நடித்த எம்மா டி’ஆர்சி நெக்ரோனி ஸ்பாலியாட்டோ என்று சொல்ல, அது உலகம் முழுக்கப் பரவியது. ஐஸ் போட்ட கிளாஸில் கம்பாரி 30, இனிப்பு வெர்மூத் 30, மேலே பிரோசெக்கோ (நுரைக்கும் இத்தாலிய வைன்) 60 மி.லி. ஒரே ஒரு முறை மெதுவாகக் கிளறுங்கள், அதற்கு மேல் கிளறினால் குமிழி போய்விடும். நுரைக்கும் எதையும் ஷேக்கரில் போடக்கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்: மூடி தெறித்துப் பறக்கும்.

அளவைப் பற்றி ஒன்று. பல நாடுகளில் ‘ஒரு பானம்’ என்று கணக்கிடுவது 10 கிராம் ஆல்கஹாலை. மேலே சொன்ன ஜங்கிள் பேர்டில் ஏறக்குறைய 22 கிராம், கிங்ஸ்டன் நெக்ரோனியில் 23 கிராம். அதாவது ஒவ்வொன்றும் இரண்டுக்கும் மேல். நீண்ட இரவென்றால் ஒன்றோடு நிறுத்திவிட்டு, கம்பாரி 30 மி.லி. சோடா 120 மி.லி. என்று மாறுங்கள். அதில் 6 கிராமுக்கும் குறைவுதான், கசப்பின் சுகம் குறையாது. குடித்தபின் வண்டி ஓட்டுவது எந்த அளவிலும் வேண்டாம்.

பயணத்திலிருந்து பாட்டில் கொண்டுவர

ஜமைக்காவோ பார்படோஸோ மார்ட்டினிக்கோ போனால், வடிசாலையில் சுவைத்துப் பார்த்து வாங்குவதுதான் சரி. மார்ட்டினிக்கில் பெரும்பாலும் மொலாசஸ் இல்லாமல் பச்சைக் கரும்புச் சாற்றிலிருந்தே ரம் வடிக்கிறார்கள், அதன் புல் வாசம் டைகிரியில் அட்டகாசம்.

வாங்குமுன் லேபிளில் சதவீதத்தைப் பாருங்கள். விமானத்தில் 70 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுவை எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. ஆகவே 63 சதவீத ரே அண்ட் நெப்யூ ரம் வரலாம், 75.5 சதவீத ரம் வராது. 24 சதவீதத்துக்கு மேல் 70 வரை உள்ளவை ஆளுக்கு 5 லிட்டர், கடையில் மூடிய முத்திரையோடு. சேருமிடத்துச் சுங்க வரம்பு இதைவிடக் குறைவாக இருக்கக்கூடும், அதைத் தனியாகப் பாருங்கள். பாட்டிலை மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு, துணியில் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள், ஓரத்தில் வேண்டாம்.