சாலைப் பள்ளமா? முதலில் அது யாருடைய சாலை என்று பாருங்கள்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் களிமண் ஊறி, நெல் லாரி போகும் சாலையெல்லாம் குழியாகிவிடும். புகார் கொடுத்தும் பலன் இல்லை என்பவர்கள் பலர் தவறான அலுவலகத்தில் மனு கொடுத்திருப்பார்கள்.

கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, 1033-க்கு அழைக்கலாம். பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. நெடுஞ்சாலைத் துறையின் 'நம்ம சாலை' செயலியில் படத்தோடு போடுங்கள். ஊருக்குள் இருக்கும் தெருக்கள் பெரும்பாலும் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி பொறுப்பு. எதுவென்று புரியாவிட்டால் முதல்வரின் உதவி மையம் 1100. மனு எண்ணைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கும்போது பக்கத்துக் கடையோ மதகோ தெரியட்டும். குழிக்குள் ஒரு குச்சியை நிறுத்தினால் ஆழமும் தெரியும்.

அப்புறம், குழியை அடைத்து ஒட்டுப்போடும் நாளில் நின்று பாருங்கள். அதுதான் முக்கியம். குழியின் ஓரத்தை நேராக வெட்டி, சேறும் தண்ணீரும் எடுத்து, தார் பூசி, சூடான கலவையைக் கொட்டி, ரோலர் ஓட்ட வேண்டும். ஈரக் குழியில் ஜல்லியைக் கொட்டி மேலே தார் தெளித்துவிட்டுப் போனால் அடுத்த மழை வரைகூடத் தாங்காது. உடனே படம் எடுத்து மறுபடி புகார் கொடுங்கள்.

சாலை போட்ட கொஞ்ச நாளிலேயே பெயர்ந்தால், தகவல் உரிமைச் சட்டம் 2005-இன்படி 10 ரூபாய் கட்டணத்தில் மதிப்பீடு, அளவுப் புத்தக (செய்த வேலையின் அளவைப் பதியும் ஏடு) நகல், ஒப்பந்ததாரரின் பராமரிப்புக் காலம் மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பராமரிப்புக் காலம் முடியவில்லை என்றால், ஒப்பந்ததாரரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.