உதட்டில் சிவப்புக் கட்டி: காத்திருப்பதுதான் முதல் தவறு

பிறந்து சில வாரங்களில் குழந்தையின் உதட்டில் சிவப்பாக ஒரு புள்ளி தோன்றி, வாரத்துக்கு வாரம் தடித்துக்கொண்டே போனால், அது பெரும்பாலும் ஹெமாஞ்சியோமா எனப்படும் இரத்தநாளக் கட்டியாக இருக்கும். புற்றுநோய் அல்ல. நூறு குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு உடலில் எங்காவது இது வருகிறது. பெண் குழந்தைகளுக்கும் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் சற்று அதிகம். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "தானாகப் போய்விடும்" என்பார்கள். முதுகில் இருக்கும் சின்னக் கட்டிக்கு அது சரி. உதட்டில் இருப்பதற்கு அந்த ஆறுதல் போதாது.

கட்டி வேகமாக வளர்வது முதல் மூன்று மாதங்களில்தான். ஐந்தாம் மாதத்துக்குள் பெரும்பாலான கட்டிகள் வளர்ந்து முடித்துவிடுகின்றன. சுருங்கத் தொடங்குவதோ ஏறக்குறைய ஒரு வயதில். அது நான்கு வயது வரைகூட நீளும். சுருங்கிய பிறகும் விரிந்துபோன தோல், கொழுப்புத் திசு, தழும்பு ஆகியவை மிஞ்சலாம். உதட்டின் விளிம்புக்கோடு சிறிது கோணினாலும் முகத்தில் தெரியும். "அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது காட்டிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் மாதங்கள்தான் சிகிச்சை மிக நன்றாகப் பலன் தரும் மாதங்கள். இத்தகைய கட்டிகளை ஒரு மாத வயதிலேயே நிபுணரிடம் காட்டுவது நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது.

அடுத்த தவறு, நிற மாற்றத்தைத் தவறாகப் படிப்பது. மூன்று மாதம்கூட ஆகாத குழந்தையின் கட்டியில் நடுப்பகுதி வெளுத்தாலோ சாம்பல் நிறமானாலோ, குணமாகிறது என்று பெற்றோர் மகிழ்ந்துவிடுகிறார்கள். அந்த வயதில் அது புண் வரப்போவதன் அறிகுறியாக இருக்கலாம். ஹெமாஞ்சியோமாவில் அதிகம் காணப்படும் சிக்கல் புண்தான். ஓயாத ஈரமும், பால் குடிக்கும்போது ஏற்படும் உரசலும் சேர்வதால் உதடு எளிதில் புண்ணாகிறது. புண் வந்தால் கடுமையாக வலிக்கும். காரணமின்றி அழுகிற, பாலை மறுக்கிற குழந்தையின் உதட்டை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

புண்ணான பின் பொருக்கைப் பிய்ப்பது, பொடி தூவுவது, கைக்குக் கிடைத்த களிம்பைப் பூசுவது எல்லாம் நிலைமையை மோசமாக்கும். பல் முளைக்கும்போது தடவும் மரத்துப்போகச் செய்யும் ஜெல்லும் வேண்டாம்: அதில் பென்சோகெயின் இருந்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அது குறைத்துவிடலாம். மருத்துவரைப் பார்க்கும்வரை பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகத் தடவி ஈரப்பதம் காத்தால் போதும். இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கும் பதற்றம்தான் பல நேரம் கசிவை நீட்டிக்கிறது. அப்படியும் நிற்காவிட்டால் மருத்துவமனைதான்.

மருந்து என்று வந்தால் ப்ரோப்ரனோலால். இதய மருந்தான இது ஹெமாஞ்சியோமாவைச் சுருக்குவதைப் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் தற்செயலாகக் கவனித்து 2008இல் வெளியிட்டார்கள். பெயரைக் கேட்டதும் பயந்து மறுப்பவர்களும் உண்டு, பயமே இல்லாமல் கொடுப்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாமவர்களைப் பற்றித்தான் அதிகக் கவலை. வெறும் வயிற்றில் கொடுத்தால் இரத்தச் சர்க்கரை இறங்கிவிடலாம், ஆகவே பால் கொடுக்கும்போதோ கொடுத்த உடனேயோதான் தர வேண்டும். குழந்தை பால் குடிக்காத, வாந்தியெடுக்கிற நாளில் அந்த வேளை மருந்தைத் தவிர்க்க வேண்டும். மூச்சு இழுத்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள். கட்டி வெளிறிவிட்டதே என்று பாதியில் விட்டால் மீண்டும் வளரலாம். வழக்கமாகக் குறைந்தது ஆறு மாதம் தேவைப்படும். கட்டியின் மேலேயே இடும் டிமோலால் சொட்டு மருந்து மெல்லிய, மேலோட்டமான கட்டிகளுக்கு உதவும். ஆனால் புண்ணான இடத்திலும், நாக்கு படும் உதட்டிலும் அது உடலுக்குள் அதிகம் சேரக்கூடும் என்பதால் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

உதட்டோடு மட்டும் பார்வையை நிறுத்துவதும் தவறு. கீழுதடு, மோவாய், தாடை, கழுத்து என்று தாடி வளரும் இடமெங்கும் சிவப்பு பரவியிருந்தால் மூச்சுக்குழலிலும் கட்டி இருக்க வாய்ப்புண்டு. குரல் கரகரத்தாலோ, மூச்சை உள்ளிழுக்கும்போது சத்தம் கேட்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.