ஆஞ்சியோவுக்குப் பிறகு தொடை இடுக்கில் துடிக்கும் கட்டி: என்ன செய்ய வேண்டும்?

தொடைத் தமனி வழியாகக் குழாய் விட்டு இதய ரத்தக்குழாய்களைப் பார்க்கும் ஆஞ்சியோ செய்து வீட்டுக்கு வந்தவருக்கு இரண்டு மூன்று நாளில் இடுக்கில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் தெரிந்தால், "ரத்தம் கட்டியிருக்கு, ஒத்தடம் கொடுத்தா கரைஞ்சிடும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் சொன்னோம். தைலம் தேய்க்கப் போன அம்மாதான் கையைச் சட்டென்று எடுத்துவிட்டு, "இது துடிக்குதே" என்றாள்.

அந்தத் துடிப்பைத்தான் கவனிக்க வேண்டும். குழாய் நுழைத்த ஓட்டை சரியாக மூடாமல், ரத்தம் தமனிக்கு வெளியே கசிந்து சதைக்குள் ஒரு பை போலத் தேங்கியிருக்கிறது, ஒவ்வொரு துடிப்புக்கும் கழுத்து போன்ற ஒரு சிறு பாதை வழியாக உள்ளே போய் வெளியே வருகிறது. டாக்டர்கள் இதை சூடோஅன்யூரிசம் என்பார்கள்.

அதனால் தேய்க்காதீர்கள், சூடு வைக்காதீர்கள், பிசைந்து பார்க்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது, ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்திருந்தால் அது அடைத்துக்கொள்ளலாம். அன்றைக்கே ஆஞ்சியோ செய்த இடத்துக்குப் போய் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் கேளுங்கள். வீக்கம் மளமளவென்று பெரிதானாலோ, மேல்தோல் பளபளவென்று இழுபட்டுக் கறுத்தாலோ, பாதம் சில்லிட்டு மரத்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். வெளியே ஒன்றும் தெரியாமல் இடுப்பும் அடிவயிறும் வலித்து, வியர்த்து, தலை சுற்றினாலும் அப்படியே, ஏனென்றால் ரத்தம் வயிற்றின் பின்பக்கமாகவும் கசியலாம். ஊசித் தழும்பிலிருந்து ரத்தம் வெளியே பீறிட்டால் மட்டும், ஆளைப் படுக்க வைத்து, தழும்புக்குச் சற்று மேலே அழுத்திப் பிடியுங்கள், தமனியில் உள்ள ஓட்டை தோலில் உள்ளதைவிடக் கொஞ்சம் மேலேதான் இருக்கும்.

சரி, சிகிச்சை. 2 சென்டிமீட்டருக்குக் குறைவாக, வலியில்லாமல் இருந்தால் பெரும்பாலும் தானே உறைந்துவிடும், ஒரு வாரத்தில் மறுபடி ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். அதைவிடப் பெரிது என்றால் ஒருகாலத்தில் கீறித் தைக்க வேண்டியிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஸ்கேன் கருவியாலேயே பத்து இருபது நிமிடம் அழுத்திப் பிடிக்கும் முறை வந்தது, ஆனால் வலி அதிகம், ரத்தம் உறையாத மருந்து எடுப்பவர்களுக்கு அவ்வளவாகப் பலிக்காது. இப்போது பரவலாகச் செய்வது, ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பின் ஊசி. 1986-லேயே முயன்று பார்க்கப்பட்டது இது.

அப்பாவுக்குப் போட்டபோது திரையைப் பார்க்க விட்டார்கள். பைக்குள் பாதி சிவப்பும் பாதி நீலமுமாக ரத்தம் சுழன்றுகொண்டிருந்தது. மெல்லிய ஊசியின் நுனி ஒரு வெள்ளைப் புள்ளியாக, கழுத்திலிருந்து தள்ளி, பையின் நடுவே வந்து நின்றது. சொட்டுச் சொட்டாக மருந்து போனது, சில விநாடிகளில் நிறம் அணைந்து சாம்பலாகிவிட்டது. அப்பா மயக்க மருந்துகூட இல்லாமல் எங்களோடு பேசிக்கொண்டே இருந்தார்!

ஊசிக்கு முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். பையின் கழுத்து குறுகலாக இருக்கிறதா? அகலமாக இருந்தால் மருந்து தமனிக்குள் நழுவி, காலுக்குப் போகும் ரத்தத்தை அடைக்கலாம். பாதத்தில் நாடித்துடிப்பை முன்னும் பின்னும் பார்ப்பார்களா? மாட்டு ரத்தத்திலிருந்து எடுக்கும் த்ராம்பினும் உண்டு, ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சீழ் பிடித்திருந்தாலோ, தோல் அழுகத் தொடங்கினாலோ ஊசி சரிப்படாது, அறுவை சிகிச்சைதான். உள்ளிருந்து ஓட்டையை மூட உறையிட்ட ஸ்டென்ட்டும் இருக்கிறது, ஆனால் இடுப்பு மடங்கும் இடத்தில் அது வளைந்து நெளிந்து கெடக்கூடும் என்பதால் அங்கே வைக்கத் தயங்குவார்கள்.

அப்புறம் சில மணி நேரம் காலை நீட்டிப் படுத்திருக்க வேண்டும், பெரும்பாலும் மறுநாள் ஒரு ஸ்கேன். சில நாட்களுக்குக் கனம் தூக்க வேண்டாம், குத்துக்காலிட்டு உட்காரவும் வேண்டாம், வெஸ்டர்ன் டாய்லெட்தான் நல்லது. கட்டி உடனே மறையாது. அப்பாவுக்கு நெல்லிக்காய் போலக் கல்லாகிப் பல வாரம் இருந்து மெல்லக் கரைந்தது. அதுவரை தினமும் காலையில் அம்மா இரண்டு விரலை அதன் மேல் லேசாக வைத்து, துடிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டாள்.