திமிங்கில வேட்டையை வரைபடமாக்கும்போது சறுக்கும் இடங்கள்

மதுரையிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறித்தான் போக வேண்டும். ஆனாலும் புராஜெக்ட் என்றதும் என் வகுப்பில் யாராவது ஒருவர் திமிங்கில வேட்டையை எடுத்துவிடுகிறார். 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் ஏறக்குறைய 29 லட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன, வரைவதற்குத் தரவுக்கா பஞ்சம்? தொட்டால் அசையும் வரைபடம் செய்வதும் இப்போது பெரிய வித்தையில்லை. கோட்டை விடுவதெல்லாம் எண்களை எடுக்கும் இடத்தில்தான்.

பெரிய தவறு, அறிக்கையில் உள்ளதை அப்படியே வரைவது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் சோவியத் கப்பல்கள் தென் அரைக்கோளத்தில் 48,000-க்கும் மேற்பட்ட ஹம்பேக் திமிங்கிலங்களைக் கொன்றன. திமிங்கில வேட்டையை நெறிப்படுத்தும் சர்வதேசத் திமிங்கில ஆணையத்திடம் காட்டிய கணக்கோ 2,710. 1993-இல் அலெக்ஸி யாப்லகோவ் என்ற ரஷ்ய உயிரியலாளர்தான் இந்த மோசடியை வெளியே சொன்னார். பழைய அறிக்கையை எடுத்து வரைந்தால் பொய்க் கணக்குக்கு நாமே அனிமேஷன் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். சொன்ன கணக்கு, திருத்திய கணக்கு என இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் காட்டுங்கள். ஒன்றைப் பட்டனுக்குப் பின்னால் ஒளித்தால் பாதிப்பேர் அழுத்திப் பார்க்கவே மாட்டார்கள்.

அடுத்தது அலகு. 1972 வரை அண்டார்டிக் வேட்டைக்கு ‘நீலத் திமிங்கில அலகு’ என்றொரு கணக்கு இருந்தது. எண்ணெய் எவ்வளவு கிடைக்கும் என்பதை வைத்து, ஒரு நீலத் திமிங்கிலத்துக்கு ஈடாக இரண்டு ஃபின், இரண்டரை ஹம்பேக் அல்லது ஆறு ஸெய் (எல்லாமே திமிங்கில வகைகள்தான்). மாட்டுத்தாவணியில் கிலோவில் வாங்கிய மல்லியை வெளியே முழம் போட்டு விற்பார்களே, அந்த முழத்தை வைத்துப் பூ எத்தனை என்று சொல்ல முடியுமா? அதே கதைதான் இங்கும். 16,000 அலகு என்ற வரம்பை ஸெய் பிடித்தே நிரப்பினால் 96,000 உயிர். ஒரு மாணவி இந்த அலகையும் உயிர்க் கணக்கையும் ஒரே அச்சில் போட்டுவிட்டார். படம் என்னவோ அழகாகத்தான் இருந்தது.

அண்டார்டிக் வேட்டைப் பருவம் ஆண்டு இறுதியில் தொடங்கி அடுத்த ஆண்டுக்குள் நீளும். 29,000-க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டது 1930–31 பருவத்தில். படத்தில் ஆண்டை நகர்த்திப் பார்க்கும் ஸ்லைடரிலும் ‘1930–31’ என்றே எழுதுங்கள்.

எண்ணிக்கை இரட்டிப்பானதைக் காட்ட வட்டத்தின் ஆரத்தை இரட்டிப்பாக்கினால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். இது பலருக்கும் தெரியும், ஆனாலும் செய்கிறார்கள்.

வணிக வேட்டைக்கான தடை 1986-இல் நடைமுறைக்கு வந்ததும் ஸ்லைடரை நிறுத்திவிடுவதும் தவறு. நார்வே 1993-இல் மறுபடி தொடங்கியது. ஜப்பான் 2019-இல் ஆணையத்தைவிட்டே வெளியேறி வணிக வேட்டைக்குத் திரும்பியது.

அப்புறம், பார்க்கிறவர்கள் நம் ஊர்க்காரர்கள். ‘2.9 மில்லியன்’ என்றால் மனசுக்குள் கணக்குப் போடுவார்கள், ‘29 லட்சம்’ என்றால் உடனே புரியும். சுட்டியை மேலே கொண்டுபோனால்தான் விவரம் தெரியும் என்று வைத்தால் போனில் ஒன்றுமே தெரியாது. தமிழ்ப் பெயர்கள் வேறு நீளமானவை, சின்னத் திரையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். லேப்டாப்பில் சரிபார்த்தது போதாது. உச்சி வெயிலில் பெரியார் பஸ் நிலையத்தில் நின்று, போனில் ஒருமுறை திறந்து பாருங்கள்.