கால் கிலோ விமானம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் முதன்முதலில் செய்த ரிமோட் விமானம் 340 கிராம். திருநெல்வேலிப் பக்கம் முன்னீர்பள்ளம் தாண்டி ஒரு வறண்ட குளத்தில் நின்று எறிந்தேன். பத்தடி போவதற்குள் மண்ணைக் கவ்வியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "என்னடே, எடுத்த எடுப்புலயே விழுந்துட்டு?" என்றார். வீட்டுக்கு வந்து உடைந்த இடத்தில் பசையைக் கொட்டி, மேலே பேக்கிங் டேப் சுற்றி, மூக்குக்கு அட்டையும் ஒட்டினேன். இப்போது 370. முன்னைவிட வேகமாக விழுந்தது.

புதிதாகச் செய்பவர்களின் தவறுகளில் பாதி இதுதான். உடைந்துவிடுமே என்று பலப்படுத்துகிறோம். எடை கூடினால் காற்றில் நிற்க அதிக வேகம் வேண்டும், வேகம் கூடினால் விழும்போது அடியும் பலம், உடனே இன்னும் கொஞ்சம் பசை. 80 செ.மீ. நீளமும் 16 செ.மீ. அகலமும் உள்ள இறக்கையில் மொத்த எடை 205 கிராம் என்றால், நிதானமான சைக்கிள் வேகத்திலேயே விமானம் மிதக்கும். அதே இறக்கையில் 340 கிராமை ஏற்றினால் கால் பங்குக்கு மேல் கூடுதல் வேகம் தேவை. பழகாத கைக்கு அந்த வித்தியாசம் பெரிது.

அதனால் முதலில் வாங்க வேண்டியது மோட்டார் இல்லை, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு. மோட்டார் 20 கிராம், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி 10, வால் மடிப்புகளை அசைக்கும் சின்ன சர்வோ இரண்டும் சேர்த்து 18, ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர் 10, இரண்டு செல் 450 எம்ஏஎச் லிப்போ பேட்டரி 30, ப்ரொப்பெல்லர் 5. இதுவே ஏறத்தாழ 95 வந்துவிடுகிறது. தெர்மாகோலில் செய்யும் உடம்பையும் இறக்கையையும் 110-க்குள் முடித்தால், மொத்தமும் கால் கிலோ அல்வாவைவிடக் குறைவு. ஹாட் க்ளூ துப்பாக்கியில் போடும் தடித்த குச்சி ஒன்று 15 முதல் 20 கிராம் இருக்கும். இரண்டு குச்சியைத் தீர்த்தால் ஒரு பேட்டரியின் எடை பசையாகவே ஏறிவிட்டது என்று அர்த்தம். மூங்கிலைச் சீவி இறக்கைக்கு அடியில் ஒரு குச்சி ஒட்டுங்கள். டேப் சுற்றுவதைவிட அது பலம், எடையும் குறைவு.

பசை என்றதும் இன்னொன்று. பெவிக்விக் வெள்ளைத் தெர்மாகோலைத் தின்றுவிடும். ஒட்டிய இடம் குழியாகிவிடும். ஸ்ப்ரே பெயின்ட்டும் அப்படித்தான். வெள்ளை நிறப் பெவிகால் ஒன்றும் செய்யாது, ஆனால் இரண்டு தெர்மாகோல் பரப்புகளுக்கு நடுவில் காய ஒரு நாள்கூட ஆகும். பொறுமை இல்லாதவர்கள் ஹாட் க்ளூவைக் கொஞ்சம் ஆறவிட்டு மெல்லிசாகத் தடவலாம்.

சமநிலைப் புள்ளி விஷயத்தில் நான் பட்ட பாடு தனிக் கதை. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்தில் விமானம் சமமாக நிற்க வேண்டும். 16 செ.மீ. அகலத்துக்கு 4 முதல் 5 செ.மீ. பேட்டரி, ப்ரொப்பெல்லர் எல்லாம் மாட்டிய பிறகு, இறக்கைக்கு அடியில் இரண்டு விரல்களை வைத்துத் தூக்கிப் பாருங்கள். மூக்கு லேசாகத் தாழ்ந்தால் பரவாயில்லை, பறக்கும். வால் தாழ்ந்தால் எறியவே எறியாதீர்கள். அது மூக்கைத் தூக்கும், வேகம் இழந்து நின்றுபோகும், சரியும். நீங்கள் ரிமோட் ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளினாலும் கேட்காது.

வால் கனத்தால் பலரும் மூக்கில் தூண்டில் ஈயத்தை ஒட்டுகிறார்கள். அதற்கு முன் வாலைப் பாருங்கள். சமநிலைப் புள்ளியிலிருந்து வால் 45 செ.மீ. தள்ளியும் மூக்கு 15 செ.மீ. தள்ளியும் இருந்தால், வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் 3 கிராம் வைத்தாக வேண்டும். வாலில் அழகுக்கு ஒட்டிய ஸ்டிக்கருக்குக்கூட இந்தக் கணக்குத்தான். ஈயத்துக்குப் பதில் பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள். அது நகர இடம் விட்டே உடம்பைச் செய்வது நல்லது.

இறக்கை மடிப்பான ஏலரான் இல்லாமல், வாலில் இடம் வலம் திருப்பும் ரட்டரும் மேலே கீழே திருப்பும் எலிவேட்டரும் மட்டும் வைத்துச் செய்பவர்கள் இறக்கையைத் தட்டையாக விட்டுவிடுகிறார்கள். அப்போது ரட்டரைத் திருப்பினால் மூக்கு மட்டும் திரும்பும், விமானம் சாயாது. 80 செ.மீ. இறக்கையில் இரண்டு நுனியும் 4 முதல் 5 செ.மீ. மேலே தூக்கி நிற்க வேண்டும்.

மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். ப்ரொப்பெல்லரில் அளவு எழுதிய பக்கம் பறக்கும் திசையைப் பார்க்க வேண்டும். 'பெருசா போட்டா நல்லா இழுக்கும்' என்று மோட்டாருக்குச் சொன்ன அளவை மீறினால் மின்சாரம் அதிகம் இழுத்து இஎஸ்சி கருகும். சர்வோவைச் சரிசெய்யும்போது ப்ரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள். என் வலது கை ஆள்காட்டி விரலில் இதற்கு ஒரு தழும்பு இருக்கிறது.

எறிவதற்கு முன் விமானத்துக்குப் பின்னால் நின்று ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுங்கள்; எலிவேட்டர் மேலே போக வேண்டும். ரட்டர் ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால் ரட்டரும் வலது பக்கம். அரை நிமிட வேலை.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இருநூறு கிராம் தெர்மாகோலைப் பற்றிக் கேட்க வேண்டுமா? வள்ளியூர், பணகுடிப் பக்கம் காற்றாலைகளை வரிசையாக நட்டிருப்பது சும்மா இல்லை. கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை விடாது. முதல் விமானத்தை அந்த மாதங்களில் செய்து முடியுங்கள், தை, மாசியில் விடியற்காலை ஏழு மணிக்குள் பறக்கவிடுங்கள். எறிவது எப்போதும் காற்றுக்கு எதிராக.

வெயில் வேறு. லிப்போவை பைக் பெட்டிக்குள் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். முழு சார்ஜில் செல்லுக்கு 4.2 வோல்ட், 3.3-க்குக் கீழே இறங்கவிட வேண்டாம். வாரக்கணக்கில் சும்மா வைப்பதென்றால் 3.8. உப்பிய பேட்டரியை 'இன்னும் ஒரு ரவுண்டு' என்று சார்ஜ் போடக் கூடாது.

இடம். 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ வகை. அதற்காக எங்கு வேண்டுமானாலும் பறக்கவிடலாம் என்றில்லை. நம் திருநெல்வேலி மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் மூன்றும் இருக்கின்றன. விளையாட்டுக்குக்கூட அந்தப் பக்கம் போகாதீர்கள். மற்ற இடங்களுக்கும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் சிவப்பு மண்டலம் (பறக்கவிடத் தடை உள்ள இடம்) இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பனை. என்றைக்காவது சிக்கத்தான் செய்யும். சிக்கியதும் த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) முழுக்கக் குறையுங்கள், இல்லாவிட்டால் மட்டையில் சுற்ற முயன்று மோட்டார் எரியும். கல்லெறியாதீர்கள், இறக்கைதான் பொத்தலாகும். பதநீர்க் காலமானால் பனையேறுகிற அண்ணாச்சி யாராவது பக்கத்தில் இருப்பார். மற்ற மாதங்களில் காற்று தள்ளும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கரன்ட் கம்பியில் மாட்டினால் மட்டும் கழியும் வேண்டாம், ஆளும் வேண்டாம். மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.