கணைய செல்லில் ஒரு காவல் புரதத்தை அடக்கிப் பார்ப்பது எப்படி

ஆத்தூரில் சேகோ ஆலையில் வேலை பார்த்த என் தாய்மாமாவுக்குக் கணையத்தில் கல். வலி வந்தால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மரவள்ளிக் கிழங்குதான் காரணம் என்று ஒரு காலத்தில் ஆராய்ச்சியாளர்களே சந்தேகப்பட்டார்கள். அப்புறம் டிரிப்சின் என்ற செரிமான நொதியை அடக்கிவைக்கும் ஸ்பிங்க்1 புரதத்தின் மரபணுவில் மாற்றம் இருப்பது இந்த நோயாளிகள் பலரிடம் தெரிந்தது. அன்றிலிருந்து இப்படிச் செல்லைக் காக்கும் காவல் புரதங்கள்மேல்தான் என் கவனம்.

ஒரு புரதம் நிஜமாகவே காக்கிறதா என்று அறிய, அதைக் குறைத்துவிட்டுச் செல்லைத் துன்புறுத்திப் பார்க்க வேண்டும். புதிதாக வருபவர்களை எச்எஸ்பி70-இல் தொடங்கச் சொல்வேன். சூடு பட்டால் செல் தானே உண்டாக்கும் புரதம் அது. எலிகளுக்கு முன்கூட்டியே சூடு காட்டினால் கணையத்தை அளவுக்கு மீறித் தூண்டும் செருலீன் தரும் கணைய அழற்சி குறைகிறது.

செல்லுக்கு, ஆய்வகத்தில் வளர்க்கும் ஏஆர்42ஜே என்ற வகையை எடுங்கள். எலியின் (மவுஸ் அல்ல, ரேட்) கணையக் கட்டியிலிருந்து வந்தவை என்பதால், புரதம் உண்டாகாமல் தடுக்கும் குட்டி ஆர்என்ஏ துண்டான எஸ்ஐஆர்என்ஏவும் அந்த எலியின் மரபணுவுக்குப் பொருந்த வேண்டும். மனித வரிசைக்கு ஆர்டர் போட்டால் பணம் போச்சு. எச்எஸ்பி70-ஐ உண்டாக்கும் எச்எஸ்பிஏ1ஏ, எச்எஸ்பிஏ1பி இரண்டு மரபணுக்களும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும்; இரண்டுக்கும் பொதுவான பகுதியாகப் பாருங்கள். வெவ்வேறு இடத்தைப் பிடிக்கும் இரண்டு எஸ்ஐஆர்என்ஏ, எதையும் பிடிக்காத ஒரு கன்ட்ரோல், இந்த மூன்றும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

100 நானோமோலார் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டில் 48 மணி நேரம் வைத்தால் செல்கள் கணையத்தின் செரிமான நொதியான அமைலேஸை நிறையச் சுரக்கும். இவை கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பதால் நடுவில் உள்ள செல்லுக்கு எஸ்ஐஆர்என்ஏ எட்டாது. பிப்பெட்டால் மெதுவாகக் கலைத்துவிட்டு, ஆன்டிபயாட்டிக் இல்லாத மீடியத்தில் (செல் வளரும் திரவத்தில்) கொடுங்கள். முதலில் ஒளிரும் எஸ்ஐஆர்என்ஏவைப் போட்டு, எத்தனை செல்லுக்குள் போனது என்று எண்ணிப் பாருங்கள்.

எஸ்ஐஆர்என்ஏ கொடுத்து 48 மணி நேரம் கழித்து 42 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடு, சில மணி நேரம் 37-இல் ஓய்வு, அப்புறம் 100 நானோமோலார் செருலீன். அடிபட்ட செல்லிலிருந்து மீடியத்தில் கசியும் எல்டிஎச் என்ற நொதி, செல்லுக்குள் டிரிப்சின் இரண்டையும் அளந்து பாருங்கள். கூடவே, புரதத்தின் அளவைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் கட்டாயம். ஆர்என்ஏ குறைந்தாலும் பழைய புரதம் செல்லில் தங்கியிருக்கும்.

ஒரு மே மாதம், சூடே காட்டாத கன்ட்ரோலில் எனக்கு எச்எஸ்பி70 பட்டை கன்னங்கரேலென்று வந்தது. மூன்று வாரம் எஸ்ஐஆர்என்ஏவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் இன்குபேட்டருக்குள் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்தேன். திரையில் 37, உள்ளே 41. மின்சாரம் போய்ப் போய் வந்ததில் சென்சார் பழுதாகியிருந்தது. சேலம் வெயிலில் இதைச் செய்பவர்கள் காலையும் மாலையும் அந்தத் தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

இரண்டு எஸ்ஐஆர்என்ஏவிலும் பட்டை மங்கி, இரண்டிலும் எல்டிஎச் ஏறினால் நம்பலாம். ஒன்றில் மட்டும் ஏறினால், மூன்றாவதை ஆர்டர் போடுங்கள்.