கடைசிப் பேச்சாளரிடம் ரெக்கார்டரோடு போகிறவர்களுக்கு

அழியும் மொழிகளைப் பதிவு செய்யக் கிளம்பும் மாணவர்கள் தங்கள் ஒலிப்பதிவுகளை என்னிடம் கேட்கக் கொடுப்பதுண்டு. வருஷா வருஷம் ஆள் மாறுகிறது, கோளாறு அதேதான். பேட்டரி தீர்ந்தது, மைக்கைப் போட மறந்தது எல்லாம் ஒருமுறை பட்டால் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சொற்பட்டியலை நீட்டுவது

இதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. சமீபத்தில் ஒரு பையன் கொடுத்த பதிவு: "தலைக்கு என்ன சொல்வீங்க பாட்டி? கண்ணுக்கு?" பாட்டி சலிப்போடு ஒவ்வொன்றாகச் சொல்கிறார். நடுவில், காயப்போட்ட தானியத்தைக் கொத்தக் கோழி வருகிறது. தன் மொழியில் அதைத் திட்டித் துரத்துகிறார், அந்த வேகத்திலேயே ஏதோ கதையும் ஆரம்பிக்கிறார். டக்! பையன் நிறுத்திவிட்டான். கேட்டால், "அது லிஸ்ட்டில் இல்லை சார்." அதற்காகத்தானே ஐயா அவ்வளவு தூரம் போனது!

பட்டியல் எப்படிக் கவிழ்க்கும் என்பதற்கு அந்தமானைப் பாருங்கள். கிரேட் அந்தமானீஸில் வெறுமனே "தலை" என்று சொல்ல முடியாது, யாருடைய தலை என்பதும் கூடவே வர வேண்டும். உடம்பை ஏழு பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கொரு முன்னொட்டு. அது வினைச்சொல் வரைக்கும் போகிறது. மொழியியலாளர் அன்விதா அப்பி விளக்கிய அமைப்பு இது. ஒற்றைச் சொற்களாகக் கேட்டுக்கொண்டிருந்தால் பிடிபடாது.

அந்தமானில் பேசப்பட்ட 'போ' என்ற மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று, சுமார் 85 வயதில் இறந்தார். பெற்றோர் போனபின் பல பத்தாண்டுகள் அவரோடு அந்த மொழியில் பேச யாருமில்லை. பறவைகளோடு பேசுவார் என்கிறார் அப்பி. அவருடைய பாட்டைப் பதிவு செய்ய முடிந்தது. ஆனால் ஒருவர் கேலி செய்ய மற்றவர் வெடுக்கென்று திருப்பிக் கொடுப்பதை எங்கே போய்ப் பதிவு செய்வது? அது கடைசிக்கு முந்தையவரோடு போய்விடுகிறது. சிலே நாட்டில் யாகன் மொழி பேசிய கிறிஸ்தினா கால்டெரோன் இருந்தது 2022 வரை. ஆனால் அக்கா ஊர்சுலா 2003லும் உறவுக்காரர் எமெலிண்டா 2005லும் இறந்தபின் பேச்சுத்துணை கிடையாது. இரண்டு பேர் இருக்கும்போதே போங்கள். இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, ரெக்கார்டரை ஓடவிட்டு, நீங்கள் எழுந்து வெளியே போங்கள்.

"65,000 ஆண்டுப் பழைய மொழி"

போவா இறந்தபோது செய்திகளில் இப்படித்தான் வந்தது. அந்தமானில் மக்கள் குடியேறியதாகச் சொல்லும் கணக்கைத் தூக்கி மொழியின் தலையில் கட்டிவிட்டார்கள்.

எந்த மொழிக்குக் கடைசி?

கிரேட் அந்தமானீஸ் ஒரு மொழிக் குடும்பம், 'போ' அதில் ஒரு மொழி. 2009 நவம்பரில் கடைசிப் பேச்சாளர் போரோவோடு கோரா மொழி போனது, 2020 ஏப்ரலில் கடைசிப் பேச்சாளர் லிச்சோவோடு சாரே மொழி. கோப்பின் மேல் "அந்தமான் மொழி" என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

மதியத்துக்கு மேல்

பதிவு வேண்டாம். பேசுகிறவர்கள் எண்பது வயதுக்காரர்கள்.